ப்ரோன், சாங்ஷன், ஹோம்லி: குழப்பும் ஆங்கிலச் சொற்களை எப்படிப் பிடித்துக்கொள்வது?

வங்கித் தேர்வுக்குப் படிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: அதிகம் புழங்காத ஆங்கிலச் சொற்களையும், ஒன்றைப் போலவே இன்னொன்று இருக்கும் சொற்களையும் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்கிறேன், ஆனால் தேர்வறையில் எல்லாம் இடம் மாறிப்போகின்றன, இதற்கு என்ன வழி? டிஸின்டரஸ்டட், இன்ஃப்ளேமபிள், ஸ்டேஷனரி, இஞ்ஜீனியஸ் என்று தன்னைப் படுத்திய சில சொற்களையும் சொல்லியிருக்கிறார்.

நான் இருபது வருடத்துக்கும் மேலாக ஒப்பந்தங்கள், மருத்துவமனைப் படிவங்கள், அலுவலகச் சுற்றறிக்கைகள் என்று ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்து வருகிறேன். முழுக்கத் தெரியாத சொல்லால் எனக்குப் பெரிய தவறு நேர்ந்ததே இல்லை. தெரியாது என்று தெரிந்துவிட்டால் கை தானாக அகராதிக்குப் போய்விடும். தெரியும் என்று நினைத்துத் தாண்டிப்போன சொற்கள்தான் காலை வாரியிருக்கின்றன. அதனால் அரிய சொற்களைவிட, பழகிய முகத்தோடு வரும் சொற்களைப் பற்றியே அதிகம் சொல்லப்போகிறேன்.

2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலை. மதுரையில் என் சித்தப்பாவுக்குத் தொற்று. ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்கவில்லை. ஆக்சிஜன் அளவு 94க்குக் கீழே போனால் வீட்டிலேயே 'ப்ரோனிங்' செய்யலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் அதற்கு முந்தைய மாதம்தான் அறிவுரை வெளியிட்டிருந்தது. சித்தப்பா மகன் போன் செய்தான். "அண்ணே, ப்ரோன் பொசிஷன்லதான் வச்சிருக்கேன், 91லயே நிக்குது" என்றான். வீடியோவில் காட்டச் சொன்னேன். முதுகுக்குப் பின்னால் மூன்று தலையணைகளை அடுக்கி, ஈசிச்சேரில் இருப்பதுபோல அவரைச் சாய்த்து வைத்திருந்தான்.

அவன் அகராதி பார்க்காமல் இல்லை. ப்ரோன் என்ற சொல்லுக்கு 'சாயும் இயல்புள்ள, எளிதில் ஆளாகக்கூடிய' என்று முதலில் போட்டிருந்தது. 'சாயும்' என்பதைப் பிடித்துக்கொண்டு சாய்த்துவிட்டான். சாய்ந்து உட்காருவதும் அந்த அறிவுரையில் ஒரு நிலைதான், அதனால் கெடுதல் இல்லை. ஆனால் ப்ரோன் என்றால் குப்புறப் படுப்பது. கழுத்துக்குக் கீழே ஒரு தலையணை, மார்பிலிருந்து மேல்தொடை வரை ஒன்றிரண்டு, முழங்காலுக்கும் பாதத்துக்கும் நடுவே அடியில் இரண்டு என்று நான் சொல்லச் சொல்ல அவன் மாற்றி வைத்தான். அரை மணி நேரத்தில் அளவு 94ஐத் தொட்டது. இரண்டு நாளில் படுக்கை கிடைத்து, சித்தப்பா நலமாக வீடு திரும்பினார்.

ப்ரோன் என்பதன் எதிர்ச்சொல் ஸுபைன். மல்லாக்கப் படுப்பது. முதுகெலும்புக்கு ஆங்கிலத்தில் ஸ்பைன். அந்த ஸ்பைன் மெத்தையில் பட்டால் ஸுபைன் என்று வைத்துக்கொண்டால் மறக்காது. சரி, நெடுஞ்சாலைப் பலகையில் 'ஆக்சிடென்ட் ப்ரோன் ஏரியா' என்று வருகிறதே, அது என்ன? அதுவும் இதே சொல்தான். லத்தீனில் முன்பக்கம் சாய்ந்திருப்பது என்று பொருள். உடல் முன்பக்கமாகச் சாய்ந்தால் குப்புற. ஒரு மனிதரோ இடமோ ஒன்றை நோக்கிச் சாய்ந்தால் அதற்கு எளிதில் ஆளாகும் தன்மை. வேரைப் பார்த்துவிட்டால் இரண்டு பொருளும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று தெரிந்துவிடும்.

மருத்துவ அறிக்கைகளில் இன்னும் இரண்டு ஜோடிகளை எல்லாரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். முதலாவது ஹைப்பர், ஹைப்போ. வேகமாகப் பேசும்போது இரண்டும் காதில் ஒன்றாகவே விழும். பொருளோ மேலும் கீழும். ஹைப்பர் கிரேக்கச் சொல், அதன் லத்தீன் உறவுதான் நமக்கு நன்றாகத் தெரிந்த சூப்பர். எனவே ஹைப்பர் என்றால் மேலே, அளவுக்கு மிஞ்சி. ஹைப்போ என்றால் கீழே. தோலுக்குக் கீழே குத்தும் ஊசியை ஹைப்போடெர்மிக் என்கிறார்களே, அதே ஹைப்போ. சர்க்கரை நோயாளிக்கு 'ஹைப்போ' வந்தால் ரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கிவிட்டது, உடனே இனிப்பு கொடுக்க வேண்டும். இதை ஹைப்பர் என்று எண்ணி இனிப்பை மறைத்து வைத்தால் உயிருக்கே ஆபத்து.

இரண்டாவது ஜோடி அக்யூட், க்ரானிக். அக்யூட் என்றால் 'ரொம்ப மோசம்' என்று பலர் பயந்துவிடுகிறார்கள். மருத்துவத்தில் அது திடீரென்று தொடங்கி வேகமாகப் போகும் நோயைச் சொல்கிறது. க்ரானிக் என்பது நாள்பட்டது. இரண்டு நாள் தொண்டைவலியும் அக்யூட்தான். பத்து வருடமாக இருக்கும் மூட்டுவலி எவ்வளவு கொடுமையாக இருந்தாலும் க்ரானிக்தான். ஒன்று வேகத்தைச் சொல்கிறது, மற்றது காலத்தைச் சொல்கிறது. கடுமை இரண்டிலும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

இப்போது நீங்கள் கேட்ட இன்ஃப்ளேமபிள். பெட்ரோல் டேங்கர் லாரியின் பின்னால் பெரிய எழுத்தில் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 'இன்' வந்தாலே எதிர்மறை என்று பள்ளியில் படித்தவருக்கு அது 'தீப்பிடிக்கவே பிடிக்காது' என்று படும். ஆங்கிலத்தில் இரண்டு 'இன்' இருக்கின்றன. இன்விஸிபிள் போன்ற சொற்களில் வருவது 'இல்லை' என்னும் இன். இன்ஃப்ளேமபிளில் வருவது 'உள்ளே' என்னும் இன். தீயை உள்ளே வாங்கிக்கொள்ளக்கூடியது என்று பொருள். ஃப்ளேமபிளும் இன்ஃப்ளேமபிளும் ஒன்றேதான். இந்தக் குழப்பம் ஆங்கிலேயருக்கும் அமெரிக்கருக்கும்கூட உண்டு. அதனால்தான் இருபதாம் நூற்றாண்டில் தீப்பாதுகாப்புத் துறையினர் இன்ஃப்ளேமபிளை விட்டுவிட்டு ஃப்ளேமபிள் என்றே எழுதும்படி வற்புறுத்தினார்கள். தீப்பிடிக்காததற்கு நான்ஃப்ளேமபிள் என்பார்கள்.

இன்வேல்யுவபிள் என்பதும் இப்படித்தான் ஏமாற்றும். அதில் உள்ள இன் எதிர்மறைதான். ஆனால் 'மதிப்பில்லாதது' என்று பொருள் இல்லை, 'மதிப்பிட முடியாத அளவு உயர்ந்தது' என்று பொருள். தமிழில் 'மதிப்பற்ற பொருள்' வேறு, 'விலைமதிப்பற்ற பொருள்' வேறு இல்லையா? இரண்டிலும் 'அற்ற' இருக்கிறது. ஒன்று குப்பைக்குப் போகும், மற்றது பெட்டகத்துக்குப் போகும். இதைச் சின்ன வயதிலிருந்து குழப்பிக்கொள்ளாமல் பேசுகிறோம் என்றால், ஆங்கிலத்திலும் முடியும். தமிழில் இப்படி ஓர் இணை கிடைத்தால் நான் உடனே பிடித்துக்கொள்வேன். பிறகு அந்தச் சொல் நழுவுவதே இல்லை.

பிரின்சிபல் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல இணை இருக்கிறது. கல்லூரி முதல்வரும் பிரின்சிபல், கடனில் வட்டி போக உள்ள தொகையும் பிரின்சிபல். நாமும் 'வட்டியும் முதலும்' என்கிறோம், 'முதல்வர்' என்கிறோம். லத்தீன் வேருக்கும் முதலாவது என்றே பொருள். ஆகவே 'முதல்' எங்கே பொருந்துமோ அங்கே பிரின்சிபல். கொள்கை, நெறி என்று வந்தால் பிரின்சிபிள். வங்கித் தேர்வில் இந்த ஜோடி வந்தால் இனி நீங்கள் தடுமாற வேண்டியதில்லை.

வங்கி என்றதும் சாங்ஷன் நினைவுக்கு வருகிறது. 'லோன் சாங்ஷன் ஆயிடுச்சு' என்று நாம் மகிழ்ச்சியாகச் சொல்லும் அதே சொல்லைத்தான், ஒரு நாட்டின் மீது பொருளாதாரத் தடை விதிக்கும்போதும் செய்திகளில் எழுதுகிறார்கள். அனுமதியும் அதுவே, தண்டனையும் அதுவே. சட்டத்தின் பலத்தோடு ஒன்றை உறுதிப்படுத்துவது என்பதுதான் அடியிலிருக்கும் கருத்து. சட்டம் கொடுப்பதையும் உறுதிப்படுத்தும், தடுப்பதையும் உறுதிப்படுத்தும். வினைச்சொல்லாக வந்தால் பெரும்பாலும் அனுமதி. பன்மையில் 'சாங்ஷன்ஸ்' என்று வந்து, பின்னால் ஒரு நாட்டின் பெயரும் இருந்தால் தடை.

ஓவர்சைட் என்பதும் இரட்டை நாக்கு உள்ளது. மேற்பார்வை என்றும் பொருள், கவனக்குறைவால் விட்டுப்போனது என்றும் பொருள். 'ஓவர்சைட் கமிட்டி' என்றால் மேற்பார்வைக் குழு. 'இட் வாஸ் ஆன் ஓவர்சைட்' என்று ஒருவர் எழுதினால் தவறு நடந்துவிட்டது என்று ஒப்புக்கொள்கிறார்.

கடல் தாண்டினால் பொருள் தலைகீழாகும் சொல்லும் உண்டு. 'டேபிள்' என்பதை வினையாகப் பயன்படுத்தினால், பிரிட்டனிலும் நம் நாடாளுமன்றத்திலும் ஓர் ஆவணத்தை அவையின் முன் வைப்பது என்று பொருள். அமெரிக்காவில் அதை ஒத்திப்போட்டு ஓரம்கட்டுவது என்று பொருள். இரண்டாம் உலகப் போரின்போது ஒரு கூட்டத்தில், பிரிட்டிஷ் அதிகாரிகள் ஓர் அறிக்கை அவசரம் என்பதால் அதை 'டேபிள்' செய்ய வேண்டும் என்று கேட்க, அமெரிக்க அதிகாரிகள் அதெப்படி ஒத்திப்போடுவது என்று மறுக்க, நீண்ட நேரம் காரசாரமாக வாதாடிய பிறகுதான் இரு தரப்பும் கேட்பது ஒன்றையே என்று புரிந்ததாகச் சர்ச்சில் தன் போர் நினைவுகளில் எழுதியிருக்கிறார். ஆங்கிலமே தாய்மொழியான இரண்டு கூட்டம் மாட்டிக்கொண்ட இடம் இது. நாம் தடுமாறுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

டிஸின்டரஸ்டட் என்ற சொல்லில் நானே தவறியிருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு நிறுவன ஆவணத்தில் 'டிஸின்டரஸ்டட் டைரக்டர்ஸ்' ஒப்புதல் தர வேண்டும் என்று இருந்ததை 'ஆர்வமில்லாத இயக்குநர்கள்' என்று மொழிபெயர்த்துவிட்டேன். கையெழுத்திட வந்த பெரியவர் அந்த வரியை விரலால் தொட்டு, "ஆர்வமில்லாதவங்க எதுக்குத் தம்பி கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. இன்டரஸ்ட் என்பதற்கு ஆர்வம் என்ற பொருளுக்கு முன்பே பங்கு, ஆதாயம், தொடர்பு என்ற பொருள் உண்டு. 2013ஆம் வருடத்துக் கம்பெனிகள் சட்டத்தின் 184ஆம் பிரிவு, ஓர் ஒப்பந்தத்தில் தனக்கு இருக்கும் 'இன்டரஸ்ட்'டை இயக்குநர் வெளிப்படுத்த வேண்டும் என்கிறதே, அது ஆதாயம்தான். அந்த ஆதாயம் இல்லாதவர் டிஸின்டரஸ்டட். அதாவது ஒருபக்கம் சாயாதவர். ஆர்வமோ அக்கறையோ இல்லாதவர் அன்இன்டரஸ்டட். நீதிபதி டிஸின்டரஸ்டடாக இருக்க வேண்டும். அன்இன்டரஸ்டடாக இருந்தால் வழக்காடுபவர் பாடு திண்டாட்டம். ஆங்கிலேயர்களே இன்று முதலாவதை இரண்டாவதன் பொருளில் எழுதுகிறார்கள் என்பது உண்மை. ஆனாலும் சட்ட ஆவணத்திலும் தேர்விலும் வேறுபாட்டைக் காப்பாற்றுவதுதான் சரி என்பது என் கருத்து. இந்தப் பொருளைச் சொல்ல அவ்வளவு கச்சிதமான வேறு சொல் இல்லை.

அடுத்து, தமிழுக்குள் வந்து குடியேறி, இங்கேயே வேறு பொருள் கொண்டுவிட்ட சொற்கள். இவற்றை யாரும் அகராதியில் பார்ப்பதில்லை. தினமும் வாயில் புழங்கும் சொல்லை எதற்குப் பார்க்க வேண்டும்?

டவுட் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் 'சார், ஒரு டவுட்' என்று கையைத் தூக்கியே வளர்ந்தோம். தமிழில் சந்தேகம் என்பது விளக்கம் கேட்கும் கேள்விக்கும் வரும், நம்பாமல் இருப்பதற்கும் வரும். 'கணக்குல ஒரு சந்தேகம்' என்பதும் சந்தேகம், 'அவன் மேல எனக்குச் சந்தேகம்' என்பதும் சந்தேகம். ஆங்கில டவுட்டில் இரண்டாவதுதான் ஓங்கி நிற்கும். எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர், ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை பார்ப்பவர், இங்கிலாந்து வாடிக்கையாளருக்கு 'உங்கள் ஆர்டர் பற்றி எனக்கு டவுட் இருக்கிறது' என்று ஆங்கிலத்தில் எழுதினார். எந்தத் துறைமுகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்பதுதான் அவர் நோக்கம். வந்த பதிலோ விறைப்பாக இருந்தது: எங்கள் ஆர்டரில் என்ன குறை கண்டீர்கள்? 'கொஸ்டின்' என்றோ 'க்வெரி' என்றோ எழுதியிருந்தால் ஒரு வரியில் முடிந்திருக்கும்.

சின்சியர் இன்னொன்று. 'பையன் சின்சியரா படிக்கிறான்' என்றால் நமக்கு உழைப்பு, ஒழுங்கு, கருத்தூன்றல். ஆங்கிலத்தில் சின்சியர் என்றால் உள்ளொன்றும் புறமொன்றுமாக இல்லாதவர், மனதில் இருப்பதையே சொல்பவர். பரிந்துரைக் கடிதத்தில் 'சின்சியர் ஸ்டூடன்ட்' என்று எழுதினால் வெளிநாட்டுப் பேராசிரியருக்கு மாணவர் போலி இல்லை என்பது மட்டும் தெரியும். உழைப்பாளி என்பது போய்ச் சேராது. அதற்கு டிலிஜென்ட் இருக்கிறது, ஹார்ட்வர்க்கிங் இருக்கிறது. கடிதம் முடிக்கும் இடத்தில் வரும் சின்சியர்லிக்கும் பிரிட்டிஷ் வழக்கில் ஓர் ஒழுங்கு உண்டு. பெயர் சொல்லித் தொடங்கிய கடிதத்துக்கு 'யுவர்ஸ் சின்சியர்லி', பெயர் தெரியாமல் 'டியர் சார்' என்று தொடங்கியதற்கு 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி'.

ஹோம்லி என்பதைக் கல்யாண விளம்பரத்தில் 'குடும்பப் பாங்கான பெண்' என்ற பொருளில் போடுகிறார்கள். பிரிட்டனில் அது வீட்டுச் சூழல் போல எளிமையான, இதமான இடத்தைச் சொல்லும். அமெரிக்காவில் ஒரு பெண்ணை ஹோம்லி என்றால் அழகில்லாதவள் என்று பொருள். அமெரிக்காவில் இருக்கும் உறவினர்களுக்கு மகளின் விவரக்குறிப்பை அனுப்பும் பெற்றோர்களிடம், நான் கெஞ்சாத குறையாக அந்தச் சொல்லை எடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன். 'ஃபேமிலி ஓரியன்டட்' என்று போட்டால் போதும்.

அலுவலக மின்னஞ்சலில் 'ப்ளீஸ் ரிவர்ட்' என்று நாம் எழுதுவது 'பதில் சொல்லுங்கள்' என்ற பொருளில். ரிவர்ட் என்றால் பழைய நிலைக்குத் திரும்புவது. சாஃப்ட்வேரில் செய்த மாற்றத்தை ரிவர்ட் செய்கிறார்களே, அது. இந்தியாவுக்குள் எல்லாருக்கும் புரியும், வெளியே எழுதும்போது 'ரிப்ளை' போதும். இவற்றையெல்லாம் பிழை என்று நான் அடிக்கமாட்டேன். நம்மூர் ஆங்கிலத்தில் அவற்றுக்கு நிலையான பொருள் உண்டு. படிப்பவர் எந்த ஊர்க்காரர் என்று பார்த்து எழுத வேண்டும், அவ்வளவுதான்.

இதோடு சேர்த்து, அடிக்கடி பகிரப்படும் ஒரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். 'கேஷ்' என்ற சொல் தமிழ்க் காசிலிருந்து வந்தது என்பார்கள். ஆங்கிலத்தில் ஒரே எழுத்துகளில் இரண்டு கேஷ் உண்டு. கிழக்காசியாவில் புழங்கிய, நடுவில் ஓட்டையுள்ள சிறு நாணயத்தைக் குறிக்கும் கேஷ், போர்த்துகீசியர் வழியாக நம் காசிலிருந்து போனது. ரொக்கம் என்ற பொருளில் இன்று சொல்லும் கேஷ், பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களிலிருந்து வந்தது. இரண்டும் உறவில்லாத, ஒரே சாயல் முகங்கள். கறியும் அப்படியே. சாப்பிடும் 'கரி' நம்முடையது. 'கரி ஃபேவர்' என்றால் முகஸ்துதி செய்து காரியம் சாதிப்பது. அந்தக் கரி குதிரைக்கு உடம்பு தேய்த்துவிடும் வேலையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். பழைய பிரெஞ்சுக் கதைப்பாட்டில் ஃபாவெல் என்ற குதிரைக்கு எல்லாரும் தேய்த்துவிடுவார்கள். ஃபாவெல் திரிந்து ஃபேவர் ஆகிவிட்டது.

ஸ்டேஷனரியில் நேர்மாறு, இரண்டும் உண்மையான உடன்பிறப்புகள். ஆர் எழுத்துக்கு முன் ஏ வந்தால் அசையாமல் நிற்பது, ஈ வந்தால் காகிதம், பேனா. இடைக்கால ஐரோப்பாவில் ஊர் ஊராகச் சுமந்து விற்றவர்கள் நடுவே, ஓரிடத்தில் கடை போட்டுப் புத்தகம் விற்றவரை ஸ்டேஷனர் என்றார்கள், நிலையாக நிற்பவர் என்று. லண்டனில் அவர்களுடைய சங்கத்துக்கு 1557இல் அரச சாசனமே கிடைத்தது. அவர் விற்ற சரக்குக்கு அவர் பெயரே நிலைத்தது. எழுத்துக்கூட்டலுக்கு, உறையைக் குறிக்கும் என்வலப் ஈ எழுத்தில் தொடங்குகிறது என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாய்ஸம் என்ற சொல்லை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்லிவைக்கிறேன். நாய்ஸ் என்ற ஒலி இருப்பதால் 'இரைச்சலான' என்று எழுதத் தோன்றும். அது அன்னாய் என்ற சொல்லின் கிளை. குடலைப் புரட்டும் நாற்றம் என்பதற்குத்தான் பெரும்பாலும் வரும்.

சரி, படிக்கும் முறைக்கு வருகிறேன். 'இந்த ஆங்கிலச் சொல்லுக்கு இந்தத் தமிழ்ச் சொல்' என்று இரண்டு பத்தியாக எழுதிப் படிப்பதை நிறுத்துங்கள். தேர்வறையில் மாறிப்போவதற்குக் காரணமே அந்தப் பட்டியல்தான். ஒரு சொல் யாரோடு சேர்ந்து வருகிறது என்று பாருங்கள். ஃப்ளான்ட், ஃப்ளவுட் இரண்டையும் பொருளாகப் படித்தால் மாறும். முதலாவதோடு நகை, பணம், கார் வரும்: காட்டிக்கொள்வது. இரண்டாவதோடு சட்டம், விதி, உத்தரவு வரும்: மதிக்காமல் மீறுவது. 'சட்டத்தை ஃப்ளவுட் செய்தான், நகையை ஃப்ளான்ட் செய்தாள்' என்று ஒரு வாக்கியம் மனதில் இருந்தால் போதும்.

இதற்கு மாணவர்களுக்கான ஆங்கிலம்–ஆங்கிலம் அகராதிதான் நல்ல துணை. அந்த வகை அகராதிகளின் முன்னோடிகளில் ஒன்று, ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி தன் சகாக்களோடு உருவாக்கி 1942இல் டோக்கியோவில் வெளியானது. 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு அதை எடுத்து வெளியிட்டது. ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர்களை மனதில் வைத்துச் செய்ததால், சொல் வாக்கியத்தில் எப்படி உட்காரும் என்று காட்டும். அங்கே பார்த்த பிறகு சென்னைப் பல்கலைக்கழக ஆங்கிலம்–தமிழ் அகராதியைத் திறந்தால், வரிசையாகத் தரும் தமிழ்ச் சொற்களில் எது உங்கள் இடத்துக்குப் பொருந்தும் என்று பிடிபடும். இதே வரிசையில் பாருங்கள், மாற்றிச் செய்யாதீர்கள். என் சித்தப்பா மகனுக்கு நடந்தது வரிசையின் முதல் சொல்லை எடுத்ததால்தான்.

கடைசியாக இஞ்ஜீனியஸ். அதன் ஜோடி இஞ்ஜெனுவஸ். இஞ்ஜீனியஸ் என்றால் புதிதாக வழி கண்டுபிடிக்கும் சாமர்த்தியம். லத்தீனில் பிறவித் திறமை என்பதிலிருந்து வந்தது. மோட்டார் ரிப்பேர் ஆனபோது பழைய சைக்கிள் செயினை மாட்டி ஓட்டிவிடும் மெக்கானிக்கின் மூளை இஞ்ஜீனியஸ். இஞ்ஜெனுவஸ் என்பது, லத்தீனில் அடிமையாக இல்லாமல் சுதந்திரமாகப் பிறந்தவர் என்பதிலிருந்து வந்து, மறைக்கத் தெரியாதவர் என்று ஆனது. அகராதிகள் 'கபடமற்ற' என்கின்றன. எனக்கு அதைவிடப் பொருத்தமாகப் படுவது நம்மூர்ச் சொல்: வெள்ளந்தி. முன்னால் 'டிஸ்' சேர்ந்து டிஸிஞ்ஜெனுவஸ் என்று செய்தித்தாளில் அடிக்கடி வரும். எல்லாம் தெரிந்திருந்தும், ஒன்றும் தெரியாத வெள்ளந்திபோலப் பேசுகிறார் என்று அர்த்தம்.